அலமாரியும் ஓர் ஆய்வுக்கூடமே

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

துணிமணிகளையும் முக்கியமான தாள்களையும் வைத்துக் காக்க ஓர் அலமாரி இல்லாத வீடு இன்று அரிது. கடைகளில் ஆயத்தமாகச் செய்து விற்கும் அலமாரிகள் பல உண்டு. எனினும் நம் அறையின் அளவிற்கும் நம் பொருள்களின் தேவைக்கும் ஏற்றபடி ஊர்த் தச்சரை அழைத்துச் செய்துகொள்ளும் வழக்கம் இன்னும் மறைந்துவிடவில்லை. அவ்வாறு செய்யும்போது எதை எண்ண வேண்டும், எதை அளக்க வேண்டும், எதை எழுதிக்கொள்ள வேண்டும் என்பதை எங்கள் வீட்டு அனுபவத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இயற்பியல் மாணவனாகிய எனக்கு இதில் கிடைத்த பாடம், செய்முறை வகுப்பில் கிடைத்த பாடத்திற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

முதலில் செய்த பிழை

எங்களுடையது தென்காசிப் பக்கத்துக் கிராமம். 10 அடிக்கு 9 அடி அறை ஒன்றும் ஒரு சமையற்கட்டும் கொண்ட தொகுப்பு வீடு. அப்பா கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். தங்கை பள்ளியில் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

2022ஆம் ஆண்டில் முதன்முறையாக ஓர் அலமாரி செய்தோம். எல்லாரையும்விடக் குறைவாகக் கூலி கேட்டவரிடம் வேலையைக் கொடுத்தோம். என்ன மரம், எப்போது அறுத்தது என்று எவரும் கேட்கவில்லை. மாமரப் பலகையில் 10 நாளில் அலமாரி வந்து நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவ்வாண்டுச் சாரல் காலத்தில் கதவுகள் உப்பி, திறக்க மறுத்தன. அடுத்த கோடையில் கதவுப் பலகைகளுக்கிடையே விரல் நுழையும் அளவிற்கு வெடிப்பு விட்டது. பிறகு அடித்தட்டில் மாவு போன்ற தூள் உதிரத் தொடங்கியது.

2024 ஜூன் மாதம், கல்லூரிச் சேர்க்கைக்காகச் சான்றிதழ்களை எடுக்க அடித்தட்டைத் திறந்தேன். சுவரோரமாக ஏறி வந்த கரையான், கோப்பின் ஒரு மூலையிலிருந்து தின்றுகொண்டு போயிருந்தது. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயர் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. மண்ணைத் தட்டித் தட்டி ஒவ்வொரு தாளாக வெயிலில் காயப் போட்டார். நகல் பெறுவதற்காக அப்பா பல நாள் கூலியை இழந்து என்னுடன் அலைந்தார். நல்லவேளையாகச் சேர்க்கை தவறவில்லை.

அந்த அலமாரியைச் செய்தவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. விலையைத் தவிர வேறெதையும் கேளாத நாங்களும் அப்பிழையில் பங்காளிகளே.

மரமும் ஈரமும்

அவ்வலமாரி கெட்டதற்குரிய காரணங்களைப் பிறகுதான் அறிந்தேன். பச்சை மரத்தில் ஈரம் இரண்டு வகையில் தங்கியிருக்கிறது. உயிரணுக்களின் உட்குழியில் நிற்கும் நீர் முதலில் வெளியேறும். அப்போது மரம் எடை குறையுமே தவிரச் சுருங்காது. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கிய பிறகு, உயிரணுச் சுவர்களில் பிணைந்திருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்குவது அப்போதுதான். அதுவும் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் சுருக்கம் மிக அற்பம். குறுக்குவாக்கில் அதிகம். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. பலகை கோணுவதற்கும் வெடிப்பதற்கும் இந்த ஏற்றத்தாழ்வே காரணம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். முழுதும் உலர்வதற்குள் குறுக்கே 8 விழுக்காடு சுருங்கக்கூடிய மரம் என்று கொள்வோம். அதில் அறுத்த 10 அங்குல அகலப் பலகை, ஈரம் 30லிருந்து 12 விழுக்காட்டிற்கு இறங்கும்போது ஏறத்தாழ அரை அங்குலம் குறைந்துவிடும். பச்சையாக ஆணி அடித்து இறுக்கிய பலகை, இடம் கொடுக்க வழியில்லாமல் வெடிக்காமல் என்ன செய்யும்? சாரலில் காற்றின் ஈரத்தைக் குடித்து அதே பலகை மீண்டும் விரிகிறது.

தூள் உதிர்ந்ததற்குக் காரணம் வேறு. மரத்தின் நடுப்பகுதியை வைரம் என்றும் பட்டையை ஒட்டிய பகுதியை வெள்ளை என்றும் தச்சர்கள் கூறுவர். வெள்ளையில் மாவுப்பொருள் மிகுதி. அதைத் தின்ன வரும் வண்டின் புழு பலகையை உள்ளேயே அரித்துத் தூளாக்குகிறது. எங்கள் பலகையில் பாதிக்கு மேல் வெள்ளை.

தச்சரைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு வேலைக்குரியவரை ஆராய்ந்து தேர்வதைப் பற்றித் ‘தெரிந்துதெளிதல்’, ‘தெரிந்துவினையாடல்’ என இரண்டு அதிகாரங்களையே வள்ளுவர் வகுத்துள்ளார். அரசனுக்குச் சொன்ன அது ஓர் அறை வீட்டிற்கும் பொருந்தும்.

அம்மா மாதம் 2,000 ரூபாயாக 20 மாதம் சீட்டுக் கட்டினார். 2025 ஏப்ரலில் அந்த 40,000 ரூபாய் கைக்கு வந்தது. “நீ படிச்சவன், நீயே பேசி முடி” என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார். முதல் அலமாரியின் நினைவு எனக்கு அச்சத்தையே தந்தது.

இம்முறை கூலியைக் கேட்கும் முன், வேலையைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பக்கத்துத் தெருக்களில் 5 ஆண்டுகளுக்கு முன் செய்த அலமாரிகள் எவை என்று விசாரித்து மூன்று வீடுகளுக்குப் போனேன். புது அலமாரி எல்லாம் நன்றாகத்தான் மூடும். ஐந்து மழையைக் கண்ட அலமாரியே தச்சரின் உண்மையான சான்றிதழ். கதவு தரையை உரசுகிறதா, தட்டின் நடு இறங்கியிருக்கிறதா, கீல் ஆணிகள் தளர்ந்துள்ளனவா என்று பார்த்தேன். மூன்றில் இரண்டு வீட்டு வேலைகள் ஒருவருடையவை. அவரையே அழைத்தோம்.

அவருக்கு ஐம்பதுக்கு மேல் வயதிருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவர். நான் அவரை அண்ணாச்சி என்றே அழைத்தேன். வந்தவர் விலை பேசவில்லை. சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். நாங்கள் காட்டிய மேலச் சுவர் வேண்டாம் என்றார். “சாரல் அடிக்கிற சுவரு தம்பி. ஈரம் விடாது” என்று உட்சுவரைக் காட்டினார். பிறகு அம்மாவிடம் கேட்டார்: “ராத்திரி எத்தனை பாய் விரிப்பிய?”

எண்ணிய பிறகே அளவு

அந்தக் கேள்வி எனக்கு முதலில் விளங்கவில்லை. நான்கு பேர் படுக்க மூன்று பாய் விரிக்கிறோம். பாய் விரித்த பிறகும் கதவு திறக்க வேண்டும். விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் அப்பாவின் சட்டை உள்ளேதான் இருக்கும். அதைத்தான் அவர் கேட்டார்.

அலமாரியின் அளவை அறை மட்டும் தீர்மானிப்பதில்லை. உள்ளே போகும் பொருள்களும் தீர்மானிக்கின்றன. எனவே அன்றிரவு எங்கள் வீட்டுப் பொருள்களை நோட்டில் எழுதினேன். தொங்கவிட வேண்டிய சட்டைகள் 11. மடித்து வைக்கும் சேலைகள் 14. போர்வையும் பாயும் 7. இருவரின் புத்தகங்கள். சான்றிதழ்கள், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் வழங்கும் கல்வி உதவித்தொகைக்குத் தேவையான அம்மாவின் அடையாள அட்டை. பீடி இலைக் கட்டு மட்டும் துணியோடு சேரக் கூடாது, நெடி ஏறும் என்று அம்மா சொன்னார்.

சட்டையை மாட்டியில் தொங்கவிட்டால் தோளுக்குத் தோள் ஒன்றரை அடிக்கு மேல் வரும். ஆகையால் தொங்கவிடும் பகுதிக்கு 2 அடி ஆழம் வேண்டும். மடித்த துணிக்கு அவ்வளவு வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் கூட்டி 5 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழம் என்று முடிவாயிற்று.

கதவை எப்படிப் பிரிப்பது? 5 அடிக்கு இரண்டு கதவு போதும் என்றேன். அண்ணாச்சி தரையில் சாக்குக்கட்டியால் வில் போல் கோடு இழுத்தார். இரண்டரை அடிக் கதவு திறந்தால் பாயின் மேல் இரண்டரை அடி வந்து நிற்கும். நான்கு கதவாக்கினால் ஒன்றேகால் அடிதான் வரும். கீலுக்கும் அது நல்லது என்றார். அதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். அகலம் பாதியானால் கதவின் எடை பாதியாகிறது. எடை செயல்படும் நடுப்புள்ளி கீலிலிருந்து இருக்கும் தொலைவும் பாதியாகிறது. எனவே கீலைப் பிடுங்கும் திருப்புத்திறன் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது.

தட்டு தொய்வது ஏன்?

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி இனி வருவதுதான். கட்டத் தாளில் அளவுப்படி ஒரு வரைபடம் வரைந்து அண்ணாச்சியிடம் காட்டினேன். புத்தகங்களை ஒரே வரிசையாக அடுக்கும்படி, 5 அடி நீளத்திற்கு இடையில் தடுப்பில்லாத தட்டுகள். எனக்கே அது மிக அழகாகத் தோன்றியது.

அவர் நெடுநேரம் பார்த்தார். “படம் நல்லாருக்கு தம்பி. தட்டுதான் தொங்கிப் போவும்” என்றார்.

18 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகை தொய்யாது என்று நான் வாதிட்டேன். அவர் மறுத்துப் பேசாமல், கொல்லையில் கிடந்த நீளமான பலகை ஒன்றை இரு செங்கற்களின் மேல் வைத்தார். தங்கையின் புத்தகங்களையும் என் புத்தகங்களையும் அதன்மேல் அடுக்கச் சொன்னார். பிறகு ஒரு நூலை இரு முனைக்கும் இழுத்துப் பிடித்தார். பலகையின் நடுப்பகுதி நூலை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. செங்கற்களை நெருக்கி வைத்ததும் இறக்கம் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. “முக்கால் அங்குலப் பலகைக்கு ரெண்டரை அடி. அதுக்கு மேல போனா நடுவுல ஒரு தாங்கல் வேணும்” என்றார்.

நண்பர்களே, முதலாண்டுச் செய்முறை வகுப்பில் சீரற்ற வளைவு முறையால் யங் குணகம் கண்டவன் நான். பதிவேட்டில் ஆசிரியரின் கையொப்பமும் பெற்றவன். நடுவில் எடை தொங்கும் சட்டத்தின் இறக்கம், எடைக்கும் நீளத்தின் முப்படிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். அகலத்திற்கும் தடிமனின் முப்படிக்கும் யங் குணகத்திற்கும் எதிர்விகிதத்தில் இருக்கும். இதைத் தேர்விலும் எழுதினேன். ஆனால் அந்தச் சமன்பாடு என் வீட்டு அலமாரியில் வந்து உட்காரும் என்று நான் எண்ணியதே இல்லை.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும், ஆசிரியரின் அனுமதியோடு மீந்த பலகைத் துண்டு ஒன்றை ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்றேன். 5 சென்டிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் தடிமன். கத்தி விளிம்புகளுக்கிடையே 40 சென்டிமீட்டர் வைத்து நடுவில் 2 கிலோகிராம் தொங்கவிட்டபோது, நகரும் நுண்ணோக்கியில் இறக்கம் 0.19 மில்லிமீட்டர். இடைவெளியை 80 சென்டிமீட்டர் ஆக்கியதும் அது 1.45 மில்லிமீட்டர் ஆயிற்று. நீளம் இரு மடங்கு, இறக்கம் 7.6 மடங்கு. சமன்பாடு 8 என்கிறது. இவ்வளவு நெருக்கமாக வந்ததில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

புத்தகத் தட்டில் நிலைமை இன்னும் கடினம். எடை நடுவில் மட்டும் தொங்குவதில்லை. நீளம் முழுதும் பரவுகிறது. நீளம் இரு மடங்கானால் புத்தகங்களும் இரு மடங்காகும். ஆகவே இறக்கம் நீளத்தின் நான்காம் படியைப் பொறுத்தது; 16 மடங்காகும். நடுவில் ஒரு தடுப்புப் பலகை வைத்து 5 அடியை இரண்டரை அடியாக்கியதால், தொய்வு 16இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. தடிமனைக் குறைத்துப் பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்போர் மற்றொன்றையும் அறிய வேண்டும். 18க்குப் பதிலாக 12 மில்லிமீட்டர் பலகை போட்டால் தொய்வு ஏறத்தாழ 3.4 மடங்காகும். மேலும் மரம் உலோகத்தைப் போன்றதன்று. எடை நெடுங்காலம் அமர்ந்திருந்தால், கூட எடை ஏற்றாமலேயே மேலும் மெல்ல இறங்கும்.

பலகையும் அதன் தரமும்

பச்சை மரத்தில் ஏற்கெனவே கை சுட்டுக்கொண்ட நாங்கள் பிளைவுட் வாங்கினோம். மெல்லிய மரத் தகடுகளை, ஒன்றின் நார் மற்றொன்றின் நாருக்குக் குறுக்காக இருக்குமாறு அடுக்கி ஒட்டியது அது. நீளவாக்கில் சுருங்காத நார், அடுத்த தகட்டின் குறுக்குச் சுருக்கத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இரு முகங்களிலும் இழுவிசை சமமாக இருப்பதற்காகத் தகடுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக அமையும்.

பசையைக் கவனிக்க வேண்டும். எம்.ஆர். என்று குறித்த பலகையில் பெரும்பாலும் யூரியா பார்மால்டிஹைடுப் பசை இருக்கும். அது ஓரளவு ஈரத்தைத் தாங்கும், நீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். பலகையில் பீனால் பார்மால்டிஹைடுப் பசை. இவ்விரு வகைக்கும் இந்தியத் தர எண் 303. கப்பல் வேலைக்குரிய உயர்ந்த பலகைக்கு 710. சாரல் அடிக்கும் ஊர் என்பதால் பி.டபிள்யூ.ஆர். எடுத்தோம். முத்திரையைப் பலகையிலேயே பார்த்து வாங்கினோம்.

எத்தனை பலகை வேண்டும் என்பதிலும் நான் தோற்றேன். பக்கங்கள், தட்டுகள், கதவுகள் எல்லாவற்றையும் கூட்டினால் 122 சதுர அடி. 8 அடிக்கு 4 அடிப் பலகை ஒன்று 32 சதுர அடி. எனவே 4 போதும் என்றேன். அண்ணாச்சி சிரித்தார். தரையில் ஐந்து செவ்வகங்கள் வரைந்து, எந்தத் துண்டு எதில் வரும் என்று காட்டினார். 15 அங்குலக் கதவு, 48 அங்குல அகலத்தில் மூன்றுதான் வெட்டலாம். நாலாவது கதவிற்கு இன்னொரு பலகையை உடைத்தே தீர வேண்டும். துண்டுகளைத் துணிபோல் தைக்க முடியாதல்லவா? ரம்பம் தின்னும் கீற்றும் கணக்கில் சேர வேண்டும். ஐந்தாம் பலகையில் மிஞ்சியதை வீணாக்காமல், சான்றிதழ் வைக்கப் பூட்டுள்ள இழுப்பறை ஒன்று செய்து கொடுத்தார்.

அலமாரிக்கு அடியில் வைரம் பாய்ந்த வேப்பஞ்சட்டத்தில் 4 அங்குலக் கால் வைத்து, அதைக் கல்லின் மேல் நிறுத்தினார். சுவருக்கும் முதுகிற்கும் இடையில் 2 அங்குலம் விட்டார். கரையான் மண்பாதை கட்டினால் கண்ணில் படும் என்பதே காரணம். முதுகுப் பலகையை அடிக்கும் முன் மூலைக்கு மூலை அளந்தார். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருக்கும் கட்டத்தில் இரு மூலைவிட்டங்களும் சமமானால் அது செவ்வகம். பித்தாகரசின்படி 8 அடி 7 அங்குலம் 2 நூலுக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும் என்று நான் கணக்கிட்டுச் சொல்வதற்குள் அவர் இரண்டையும் ஒப்பிட்டு ஆணி அடித்து முடித்திருந்தார்.

எழுதிக்கொள்ளுதல்

உடன்பாட்டை ஒரு பக்க நோட்டுத் தாளில் எழுதினோம். அளவு, பலகையின் வகையும் தடிமனும், கதவுகளின் எண்ணிக்கை, முடிக்கும் நாள் ஆகியவை அதில் இருந்தன. பொருள்களை நாங்களே வாங்குவது. கூலி 14,000 ரூபாய். அச்சாரம் 2,000, கூடு நின்றதும் 5,000, கதவு மாட்டியதும் 4,000, மீதி 3,000 ஒரு சாரல் மாதம் கழிந்த பிறகு. கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது எனக்கு நா எழவில்லை. அவரை நம்பாதது போல் ஆகுமே என்று அஞ்சினேன். அவரோ, “அதுதான் சரி. வேலை நின்னு பேசணும்” என்று கையெழுத்திட்டார். எழுத்து என்பது ஐயத்தின் அடையாளம் என்று எண்ணுவது தவறு. இருவரின் நினைவிற்கும் அது துணை. பொருளும் கூலியுமாக மொத்தம் 38,000 ரூபாய்க்குள் வேலை முடிந்தது.

முடிவுரை

2025 ஜூலை இறுதியில் அண்ணாச்சி மீண்டும் வந்தார். நான்கு கதவுகளையும் திறந்து மூடினார். தட்டின் அடியில் நூல் பிடித்துப் பார்த்தார். ஒரு கதவின் கீலை மட்டும் அரைத் திருகு இறுக்கினார். அம்மா 3,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

தட்டின் நீளம், தடிமன், தொய்வு ஆகியவற்றை ஓர் அட்டையில் பட்டியலாக எழுதி வைத்திருந்தேன். அதை அவரிடம் கொடுத்து, ஆய்வுக்கூடத்தில் கண்டதைச் சொன்னேன். இரண்டரை அடி, 5 அடி என்ற வரிகளை விரலால் தொட்டுப் படித்தார். “என் கையாள் பையன் ஏன் ஏன்னு கேக்கான். நான் ‘அப்படித்தான்’னு சொல்லுவேன். இனி இதைக் காட்டுதேன்” என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு பொருளைச் செய்விக்கும்போது, முதலில் நம் தேவையை எண்ண வேண்டும். செய்பவரின் பழைய வேலையைப் பார்க்க வேண்டும். அவர் கேட்கும் கேள்விகளைக் கவனிக்க வேண்டும். பேசியதை எழுத வேண்டும். கல்லூரியில் கற்பவர்கள் இவற்றோடு இன்னொன்றும் செய்யலாம். தச்சர் ‘இப்படித்தான்’ என்று சொல்லும் இடத்தில் வாதாடாமல் நின்று, அது ஏன் என்று நம் பாடத்தில் தேடிப் பார்க்கலாம். எனக்கு அங்கேதான் என் பாடம் முதன்முதலாக விளங்கியது.

இப்போது எங்கள் வீட்டு இழுப்பறையில் என் முதலாண்டு மதிப்பெண் பட்டியலும் அம்மாவின் பீடித் தொழிலாளர் அட்டையும் ஒரே உறையில் இருக்கின்றன. சாவி அம்மாவின் முந்தானையில் இருக்கிறது.